துணி சோப்பை வீட்டிலேயே செய்வது எப்படி: தண்ணீரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வீட்டில் செய்த சோப்புத்தூளைப் பயன்படுத்திவிட்டு வெறுத்துப்போனவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் சில தடவை நன்றாக இருந்தது, போகப்போக வெள்ளை வேட்டி பழுப்பேறியது, துண்டு விறைத்துப்போய் ஈரத்தை உறிஞ்சவே இல்லை, வாளியின் ஓரமெல்லாம் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொண்டது என்பார்கள். செய்முறை தப்பு, அளவு தப்பு என்று நினைத்து மறுபடியும் கடைப் பாக்கெட்டுக்கே போய்விடுவார்கள். உண்மையில் பழி தண்ணீர்மேல்தான். சோப்பு எந்தத் தண்ணீரில் கரையப்போகிறது என்று பார்க்காமல் எந்தச் செய்முறையையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகக்கூடாது.

இணையத்தில் சுற்றிவரும் "சோப்பைத் துருவு, சலவைச் சோடா போடு, வெங்காரம் போடு, கலக்கு" என்ற பிரபலமான செய்முறை அமெரிக்க வீடுகளில் புழங்குவது. சுடுதண்ணீரில் துவைக்கும் பழக்கமும் ஓரளவு மென்மையான தண்ணீரும் இருக்கும் இடத்தில் அது ஓடும். நாமக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலோ, சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிவரும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிலோ அதே தூளைப் போட்டால் நுரை வராது, தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள்தான் மிதக்கும். வெங்காரத்தையும் (போராக்ஸ்) நான் சேர்க்கச் சொல்லமாட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்க நலனுக்குக் கேடு தரக்கூடிய பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதில்லாமலே வேலை முடியும்போது அதை எதற்கு வாங்கி வைக்கவேண்டும்?

இந்த வழிகாட்டியில் மூன்று செய்முறைகள் இருக்கின்றன. நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்குத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. உப்புத் தண்ணீர், அதாவது கடினமான தண்ணீர் மட்டுமே வரும் வீட்டுக்கு, கெமிக்கல் கடையில் ஸ்லரி என்று விற்கும் அமிலக் குழம்பைச் சேர்த்த சோப்புத்தூள். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை. மூன்றையும் எல்லாரும் செய்யத் தேவையில்லை.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் அதைக் கடின நீராக்குகின்றன. உண்மையான சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் வந்தவுடன் சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அப்படி உண்டாகும் கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது. வேட்டியில் பழுப்பாகப் படிவதும் துண்டை விறைக்கவைப்பதும் அதுதான். கடினத்தன்மை முழுவதும் தீர்ந்த பிறகுதான், போடுகிற சோப்பு அழுக்கை எடுக்கப் போகும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பாதியளவு உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அதே அளவு மழைத்தண்ணீர். மழையில்லாத மாதமென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம், அதிலும் கால்சியம் இருக்காது. இரண்டிலும் ஒரே அளவு சோப்புத் துருவல் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். சாதாரணக் குளியல் சோப்பு போதும், ஆனால் சிண்டெட் வகை, அதாவது உண்மையான சோப்பில்லாத செயற்கைக் கட்டி, வேண்டாம். மழைத்தண்ணீரில் நுரை பொங்கி அப்படியே நிற்கும். உங்கள் தண்ணீரிலும் நுரை நின்றால் கவலையில்லை. நுரை எழுந்து சில நொடிகளில் அமுங்கி, தண்ணீர் பால்போல் கலங்கினால் நடுத்தரக் கடினம். நுரையே வராமல் துணுக்குகள் மிதந்தால் முதல் செய்முறையை விட்டுவிட்டு நேரே இரண்டாவதுக்குப் போங்கள்.

எண்ணாகவே தெரிந்துகொள்ள விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி மாதிரியைக் கொடுக்கலாம். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியும் உதவும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். துணி துவைக்க என் கணக்கு சற்று வேறு. 150க்குள் இருந்தால் சோப்பு தாராளமாக வேலை செய்யும். 300 வரை சோடாவை வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் சோப்போடு மல்லுக்கட்டுவது எண்ணெய்க்கும் துணிக்கும் நஷ்டம்.

ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சாதாரண உப்பு அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும் தண்ணீரில் எண் பெரிதாக இருந்தாலும் சோப்பு ஓரளவு நுரைக்கும்.

கோயம்புத்தூரில் மென்மையான சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் தெருவும் ஆழ்துளைக் குழாயை நம்பியிருக்கும் தெருவும் அடுத்தடுத்து இருக்கலாம். ஒரே வீட்டிலேயே சமையலறைக் குழாயில் ஒன்றும் மாடித் தொட்டியில் வேறொன்றும் வருவதுண்டு. துவைக்கப் பயன்படுத்தும் குழாயிலிருந்தே மாதிரி எடுங்கள்.

சலவைச் சோடா: மூன்றில் இரண்டு செய்முறைக்கும் அடிப்படை

சோடியம் கார்பனேட் என்ற இந்த வெள்ளைத் தூளைக் கெமிக்கல் கடையில் "சோடா ஆஷ்" என்று கேளுங்கள். ஆப்ப சோடா வேறு, இது வேறு. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், காரம் குறைவு. கல்கல்லாகக் கிடைக்கும் சலவைச் சோடாவும் சோடியம் கார்பனேட்தான், ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 106 கிராம் சோடா ஆஷ் செய்யும் வேலைக்கு 286 கிராம் கல் சோடா வேண்டும். அளவு சொல்லும்போதெல்லாம் நான் சொல்வது தூளாக இருக்கும் சோடா ஆஷைத்தான்.

இது புதிதாக வந்த பொருளும் இல்லை. வண்ணார் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்த உவர்மண்ணில் வேலை செய்ததும் இதே சோடியம் கார்பனேட்தான். கோடையில் உவர் நிலத்தின் மேல் பூத்து நிற்கும் அந்த மண்ணைக் கரைத்து, அதில் துணியை முக்கி, வெள்ளாவியில் அடுக்கி ஆவியில் வேகவைத்தார்கள். காரமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய்ப்பசை சோப்பாகவே மாறிக் கழன்றுவரும் என்பதைக் கையறிவால் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். கடலுப்பிலிருந்தும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் சோடாவைத் தொழிற்சாலையில் எடுக்கும் முறையை எர்னஸ்ட் சால்வே கண்டது 1861இல்தான்.

சோடா ஆஷ் கிடைக்காத ஊரில் ஆப்ப சோடாவிலிருந்தே செய்துகொள்ளலாம். இரும்புக் கடாயில் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் பரப்பி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரிக்கும். முதலில் தூள் தண்ணீர்போல் அலையடித்துக் குமிழியிடும், கரியமில வாயுவும் நீராவியும் போவதால் அப்படி. குமிழி அடங்கி, தூள் மந்தமாகி, கரண்டியில் கனமாக ஒட்டத் தொடங்கியதும் இறக்கலாம். 100 கிராம் வறுத்தால் 63 கிராம்தான் மிஞ்சும். தராசில் வைத்துப் பார்த்தாலே வேலை முடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

செய்முறை ஒன்று: தேங்காய் எண்ணெய்ச் சோப்பு

துணிக்குத் தேங்காய் எண்ணெயை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் லாரிக் அமிலம் அதிகம், அதனால் சோப்பு சட்டென்று கரைந்து நன்றாக நுரைக்கும். சாதாரண உப்பு கரைந்த தண்ணீரிலும் நுரைக்கும் என்பதால்தான் கடலோடிகளுக்கான சோப்பைத் தேங்காய் எண்ணெயில் செய்தார்கள். மேலுக்குப் போட்டால் தோலை வறட்டும் அந்த வீரியம் துணிக்கு நல்லதே. சமைக்க முடியாத காறல் எண்ணெய் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் விற்கிற விலைக்கு நல்ல எண்ணெயை இதில் கொட்ட வேண்டியதில்லை.

தேவையானவை:

- தேங்காய் எண்ணெய் 500 கிராம் (எடையில், மில்லி கணக்கில் அல்ல, ஒரு லிட்டர் ஏறக்குறைய 920 கிராம்தான் இருக்கும்)
- காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, 90 கிராம்
- ஆர்.ஓ. தண்ணீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் 180 கிராம்
- ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு
- இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள், எவர்சில்வர் கரண்டி, முடிந்தால் ஹேண்ட் பிளெண்டர்
- நீளமான ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை

ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் தேவை. 500 கிராமுக்கு 91.5 வரும். அதை 90 ஆகக் குறைத்திருப்பது, கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினாலும் காரம் மிஞ்சக்கூடாது என்பதற்காக. எண்ணெயை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். பாமாயிலுக்கு 0.141 மட்டுமே. தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன காஸ்டிக்கைப் பாமாயிலில் போட்டால் கையை அரிக்கும் சோப்புதான் வரும்.

இனி வருவதை இரண்டு முறை படித்துவிட்டுத் தொடங்குங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் கரைக்கக்கூடியது. குழந்தைகளும் நாயும் பூனையும் வீட்டுக்குள் இருக்கட்டும், நீங்கள் காற்றோட்டமான திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வேலை செய்யுங்கள். கரைசலை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஊற்றி வைக்காதீர்கள், தண்ணீரென்று நினைத்து யாராவது குடித்துவிட்டால் உணவுக்குழாய் வெந்துபோகும். மேலே தெறித்தால் உடனே குழாயடியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், வினிகர் தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

1. தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். காஸ்டிக்கை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் தூவிக் கலக்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடவேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசல் 80, 90 டிகிரிக்குச் சூடேறும், ஆவி எழும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கை எட்டாத இடத்தில் ஆறவிடுங்கள்.

2. எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரைசலும் ஏறக்குறைய 40 டிகிரிக்கு இறங்கவேண்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தை, கையுறையோடு, தொட்டுப் பார்த்தால் தெரியும்.

3. கரைசலை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். பிளெண்டரைக் கலவைக்குள் முழுக்க அமிழ்த்திய பிறகே போடவேண்டும், சில நொடிகள் ஓட்டி, சில நொடிகள் கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். கண்ணாடிபோல் இருந்த எண்ணெய் முதலில் கலங்கும், பிறகு வெளுத்துக் கெட்டிப்படும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த துளி உடனே கரையாமல் மேலே ஒரு கோடாக நிற்கும். அதுதான் பதம். பிளெண்டரில் சில நிமிடங்கள், கையால் மட்டும் என்றால் அரைமணி நேரம்கூட ஆகலாம்.

4. பட்டர்பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் அது தானாகவே சூடாகும், நடுப்பகுதி ஒளி ஊடுருவுவதுபோல் மாறும். பயப்படத் தேவையில்லை, உள்ளே சோப்பாகிக்கொண்டிருக்கிறது.

5. தேங்காய்ச் சோப்பு சீக்கிரம் கல்லாகிவிடும். அன்றே, வெதுவெதுப்பு இருக்கும்போதே, கையுறையோடு கட்டிகளாக வெட்டிவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் கத்தி இறங்காமல் உடையும்.

6. நிழலில், ஒன்றோடொன்று ஒட்டாமல், மூன்று வாரம் காயட்டும். காயக்காய எடை குறையும். எடை குறைவது நின்றதும் துருவலாம்.

சமையலுக்கு வைத்திருக்கும் துருவியைத் தொடாதீர்கள், இதற்கென்று ஒன்று வாங்கிவிடுங்கள். பாத்திரத்துக்கும் அதே விதி. துருவலை ஒருநாள் காயவிட்டு அப்படியே டப்பாவில் போடலாம். மிக்ஸியில் போட்டு மாவாக்கினால் மூக்கில் ஏறித் தும்மல் வரும், துருவலே வெதுவெதுப்பான தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும்.

துவைக்கும்போது சோடாதான் முதலில்

எல்லாச் செய்முறைகளும் துருவலையும் சோடாவையும் ஒரே டப்பாவில் கலக்கச் சொல்லும். நான் தனித்தனி டப்பாவில் வைக்கச் சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகத் தண்ணீரில் போட்டால் கால்சியம் பாதியைச் சோப்பிலிருந்தும் பாதியைச் சோடாவிலிருந்தும் பிடித்துக்கொள்ளும். சோடாவை முன்னால் போட்டால் கால்சியம் முழுக்கச் சுண்ணாம்பாக அடியில் இறங்கிவிடும், பின்னால் வரும் சோப்புக்கு அழுக்கு மட்டுமே மிச்சம்.

கணக்கு எளிது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு, 20 லிட்டர் வாளியில் 2 கிராம் கடினப்பொருள் இருக்கிறது என்று பொருள். அதை இறக்க 2.1 கிராம் சோடா ஆஷ் வேண்டும். 300 என்றால் 6.4 கிராம். அழுக்கை இளக்கக் கொஞ்சம் காரமும் தண்ணீரில் நிற்கவேண்டும் என்பதால் அதன்மேல் 8 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டையாக வழித்த ஒரு மேசைக்கரண்டி சோடா ஆஷ் ஏறக்குறைய 8 கிராம் இருக்கும். ஆகவே நல்ல தண்ணீருக்கு ஒரு கரண்டி, நடுத்தரத்துக்கு இரண்டு.

சோடாவைப் போட்டுக் கலக்கிக் கால் மணி நேரம் விடுங்கள், தண்ணீர் லேசாக மங்கும். முதல்நாள் இரவே கலக்கி வைத்து, காலையில் தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு இறுத்துக்கொள்வது இன்னும் நல்லது, சுண்ணாம்புத் தூள் துணியில் படியாது. அடுத்து, 20 கிராம் சோப்புத் துருவலைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிக் கையால் அடியுங்கள். நுரை நின்றால் துணியைப் போடலாம். நிற்காவிட்டால் இன்னொரு அரைக் கரண்டி சோடா. அரைமணி நேரத்துக்கு மேல் ஊறவேண்டியதில்லை.

செய்முறை இரண்டு: உப்புத் தண்ணீருக்கான சோப்புத்தூள்

கெமிக்கல் கடையில் "ஆசிட் ஸ்லரி" என்று கேட்டால் கொடுக்கும் கரும்பழுப்புக் குழம்புதான் கடைச் சோப்புத்தூள்கள் பலவற்றுக்கும் மூலப்பொருள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் பலவும் சோப்புத்தூள் செய்வது இதை வைத்துத்தான். கால்சியத்தோடு சேர்ந்தாலும் சோப்பைப்போல் உடனே திரிந்துவிடாது என்பதே இதன் பெருமை. "இயற்கை" என்ற பெயருக்காக உப்புத் தண்ணீரில் தேங்காய்ச் சோப்பைப் போட்டு, துணியை இரண்டு மடங்கு தண்ணீரில் அலசுவதைவிட, இந்தத் தூளை அளவாகப் போடுவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

ஸ்லரி ஓர் அமிலம். கையுறையும் கண்ணாடியும் இங்கேயும் வேண்டும், கூடவே முகக்கவசமும்.

சோடா ஆஷ் 500 கிராம், ஆசிட் ஸ்லரி 150 கிராம், கிளாபர் சால்ட் என்கிற சோடியம் சல்பேட் 300 கிராம், சிஎம்சி பவுடர் 10 கிராம். கிளாபர் சால்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகும் சரக்கு. அது அழுக்கை எடுக்காது, தூளை உதிரியாக வைக்கும், அவ்வளவே. சிஎம்சியின் வேலை முக்கியமானது. துணியிலிருந்து வெளியேறிய அழுக்கு மறுபடி பருத்தி நூலில் போய் ஒட்டாமல் அது தடுக்கிறது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பத்து கிராமைத்தான், பிறகு வெள்ளைத்துணி மங்குகிறது என்று சொட்டு நீலத்தை ஏற்றுவார்கள்.

அகலமான பிளாஸ்டிக் டப்பில் சோடா ஆஷைப் பரப்பி, 20 மில்லி தண்ணீரைத் தெளித்துப் புரட்டுங்கள். ஸ்லரியை நூல்போல் ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் கிளறுங்கள், ஒரே இடத்தில் கொட்டினால் உருண்டை பிடித்து உள்ளே அமிலமாகவே நிற்கும். கலவை உப்பிக் கதகதப்பாகும், கரியமில வாயு வெளியேறுகிறது. பழுப்பு நிறம் மெல்ல வெளுத்து மங்கலான மஞ்சளாகும். உருண்டைகளைக் கையுறைக் கையால் உதிர்த்துவிட்டு, மூடாமல் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சல்லடையில் சலித்து, மிச்சமிருக்கும் கட்டிகளை நசுக்கி மறுபடி சலித்து, கடைசியாகக் கிளாபர் சால்ட்டையும் சிஎம்சியையும் கலந்து காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறும்.

இந்த 150 கிராம் ஸ்லரியின் அமிலத்தை அடக்க 25 கிராம் சோடாவே போதும். மீதி 475 கிராமும் உங்கள் தண்ணீரை மென்மையாக்கவும் அழுக்கை இளக்கவும்தான். 20 லிட்டர் வாளிக்கு 40 கிராம் தூள் போட்டால் 600 மில்லிகிராம் கடினத்தையும் தாங்கிவிடும். கடைகளில் நிறமும் மணமும் விற்பார்கள், துணி வெளுக்க அவை எதுவும் செய்வதில்லை.

கையால் துவைப்பவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் தூளில் காரம் அதிகம். பட்டு, கம்பளி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

செய்முறை மூன்று: பட்டுக்குப் பூந்திக்கொட்டை

பருத்தி காரத்தைத் தாங்கும், பட்டு தாங்காது. பட்டும் கம்பளியும் முடியைப்போலப் புரதத்தால் ஆனவை. சோடாவில் ஊறினால் மினுமினுப்புப் போய்விடும், நாளடைவில் இழை நைந்துவிடும். பொற்கொல்லர்கள் நகை கழுவப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டையில் காரம் கிடையாது, அதன் சாறு லேசான புளிப்புத் தன்மை கொண்டது. அதிலுள்ள சபோனின் உப்புத் தண்ணீரில் திரிவதும் இல்லை.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது மூன்று காய்கள் ஒட்டினாற்போல் இருக்கும் நம்மூர் வகையைக் கேளுங்கள். தனித்தனி உருண்டையாக வருவது இமயமலைப் பக்கத்து வகை, அதுவும் வேலை செய்யும். விதையில் சரக்கில்லை, தோல்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு காயின் தோலை அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் சின்னத் தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சக்கை துணியில் ஒட்டினால் கறை விழும்.

ஒரு சேலைக்கு இந்தச் சாறு முழுவதையும் ஐந்து லிட்டர் தண்ணீரில் கலக்கலாம். அதற்குமுன், ஈர வெள்ளைத் துணியால் உடல் நிறத்தையும் பார்டரையும் முந்தானையையும் தனித்தனியே ஒற்றிப் பாருங்கள். சாயம் ஏறினால் வீட்டில் நனைக்கவே வேண்டாம். ஏறாவிட்டால் சில நிமிடம் அந்தத் தண்ணீரில் அலைத்து, முறுக்கிப் பிழியாமல், இரண்டு தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

சாறு வெளியே இரண்டு நாளில் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதை மீன்தொட்டிப் பக்கமோ குளம், கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். சபோனின் மீனின் செவுளைத் தாக்கும், மீனை மயக்கிப் பிடிக்க இதைப் போன்ற காய்களைப் பயன்படுத்தும் வழக்கமே உண்டு. கண்ணில் பட்டாலும் கடுமையாக எரியும்.

கறை, அலசல், மெஷின்

குழம்புக்கறை பட்ட சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் சட்டென்று சிவப்பாவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இதே வித்தைதான். அந்தக் கறைக்கு நல்ல மருந்து வெயில். சோப்புப் போட்டு அலசி, கறைப் பக்கம் மேலே தெரியும்படி உச்சிவெயிலில் காயவிடுங்கள், ஒளிபட்டால் குர்குமின் சிதைந்துவிடும். ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் கூடவே கூடாது. கடைத் தூளில் புரதத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கும், நாம் செய்வதில் இல்லை. அதனால் முதலில் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்துக் கசக்குங்கள்.

மஞ்சளின் இந்தக் குணத்தை அலசலைச் சோதிக்கவும் பயன்படுத்தலாம். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்துத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் வெறும் குழாய்த்தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பிறகு பிழிந்த துணியிலிருந்து கடைசி அலசல் தண்ணீரை ஒரு சொட்டு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் காரம் போய்விட்டது. பின்னது சிவந்தால் இன்னொரு தண்ணீர் அலசவேண்டும். குழந்தைத் துணிக்கும் உள்ளாடைக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சோப்புக்கட்டியில் காஸ்டிக் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க மட்டும் இந்தக் காகிதம் உதவாது, நல்ல சோப்பே காரமானது, அதுவே சிவக்கவைக்கும்.

துணி விறைத்தால் கடைசி வாளியில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அலசுங்கள். படிந்த சுண்ணாம்பு இளகிவிடும். அந்த வாளியில் பிளீச்சிங் பவுடரோ பிளீச்சிங் திரவமோ இருக்கக்கூடாது, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்துப் போடச் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு பொங்கி அடங்கும், துணிக்கு எதுவும் மிஞ்சாது.

ஃபிரண்ட் லோடு மெஷினில் தேங்காய்ச் சோப்பு வேண்டாம். தண்ணீர் குறைவாகவும் சுழற்சி அதிகமாகவும் இருப்பதால் நுரை பொங்கி வழியும், உள்டிரம்மின் பின்னால் பிசுக்குச் சேரும். ஸ்லரித் தூளும் நுரை கட்டும், போட்டே ஆகவேண்டுமென்றால் ஒரு கரண்டிக்கு மேல் போகாதீர்கள். செமி ஆட்டோமேட்டிக், டாப் லோடு இரண்டுக்கும் தூளை முன்பே தண்ணீரில் கரைத்து ஊற்றினால் பிரச்சினையில்லை.

துவைத்த முதல் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். மூன்று செய்முறையில் இரண்டில் சோடியம் நிறைய இருக்கிறது, களிமண்ணில் அது தொடர்ந்து இறங்கினால் மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது, களர் நிலம்போல் ஆகிவிடும். கடைசி அலசல் தண்ணீரைக் கல்வாழைக்கோ தென்னைக்கோ விடலாம், அதுவும் ஒரே மரத்துக்கு எப்போதும் விடாமல் இடம் மாற்றி மாற்றி விடுங்கள்.